டாக்டர் இங்கிலீஷில் சொன்னது

ஆஸ்பத்திரி வார்டுக்குக் காலையில் ஒரு வாசனை உண்டு. பினாயில் ஊற்றிக் கழுவிய தரை, வாளியில் வரும் தேத்தண்ணி, வெயில் படாமல் காய்ந்த போர்வை. அன்று இவற்றோடு என் கழுத்துக் கட்டுத்துணியின் மருந்து நெடியும் சேர்ந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ. தையலைப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு விடவில்லை. வெட்டி எடுத்த கட்டியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகவும், பதில் வரட்டும் என்றும் தாதி சொல்லியிருந்தாள்.

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் இளம் டாக்டர்கள் மூன்று பேர். அவர் கையில் பழுப்பு நிறக் கடிதம் ஒன்று இருந்தது. என் முகவாயை ஒரு விரலால் நிமிர்த்திக் காட்டி, அவர்களிடம் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். தோட்டத்துப் பெண், வயது இருபத்து மூன்று, கழுத்தின் இடப்பக்கம் ஒற்றைக் கட்டி, காதுக்குக் கீழே இன்னொன்று. எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு பாடத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கடிதத்தைப் பிரித்து, “கேன்சர்” என்றார்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். முகத்தை அசைக்கவில்லை. என் தலைமாட்டு அட்டையில் அப்பா பெயருக்கு நேரே ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதியிருந்தது. நான் கன்னியாஸ்திரிகளிடம் சீனியர் பரீட்சை வரை இங்கிலீஷில் படித்தவள், தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதை யாரும் எழுதவில்லை. எனக்கு விளங்காது என்று நினைத்துத்தான் அவர் அப்படிப் பேசினார்.

அவர் மேலும் என்னென்னவோ சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, அரைகுறைத் தமிழில், “பயப்பட வேணாம் தங்கச்சி” என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்திரிகைக்கு இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டபோது இந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக் கதைகளை எழுதி முடித்த பிறகு, இதை விட்டால் மற்றதெல்லாம் பாதிப் பொய் ஆகிவிடும்போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

பேர் சொல்லாத நோவு

எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த நோய்க்குப் பெயர் சொல்ல மாட்டார்கள். ‘அந்த நோவு’ என்பார்கள். மிகவும் நெருங்கியவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, ‘புத்து’.

மேட்டு லயத்தில் அன்னக்கிளி என்று ஒருத்தர் இருந்தார். என் அம்மாவோடு ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவருக்கு மார்பில் வந்தது. கொஞ்ச நாளில் அவருடைய கோப்பையைத் தனியே வைத்தார்கள். பிறகு பாயைத் தனியே போட்டார்கள். அந்த வீட்டுப் பக்கமாகப் போகும் பிள்ளைகளை வேறு வழியாக வரச்சொல்லி அதட்டினார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். அவர் இறந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அவர் வீட்டுக் கதவிடுக்கில் வந்த வாடை எனக்கு இன்றைக்கும் தெரியும்.

வார்டில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த வாடைதான்.

ஹட்டனில் படம் பிடித்த நாள்

முதலில் கட்டியைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, படம் பிடிப்பவர்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஞானப்பிரகாசம் என்று ஒரு வாத்தியார் இருந்தார். அவருக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். பெண்ணின் படம் வேண்டும் என்றார்கள். அம்மா எனக்குப் பச்சைக் கரைச் சேலை கட்டிவிட்டு ஹட்டனுக்குக் கூட்டிப் போனார். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எதற்கும் அம்மாதான்.

படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பிறகு வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார்.

“தங்கச்சி, கழுத்துல பூச்சி ஏதாச்சும் கடிச்சிருச்சா? இடப்பக்கம் வீங்கினாப்புல தெரியுதே?”

“ஒன்னுமில்லீங்களே” என்றார் அம்மா.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என் வலப்பக்கம் தெரியும்படி திரும்பி உட்காரச் சொல்லிப் படத்தை எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் சேலைத் தலைப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே, தோலுக்கடியில், நெல்லிக்காய் அளவில் ஒன்று. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது. வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை.

எங்கள் மலையில் கழுத்துக் கழலை புதிதல்ல. மழைத் தண்ணீர் மண்ணின் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போவதால் வருகிறது என்பார்கள். வீங்கிய கழுத்தோடு இருபது முப்பது வருஷம் கொழுந்து எடுத்த பெண்களை எனக்கே தெரியும். அம்மா அந்தோனியார் கோயில் எண்ணெயைத் தடவிவிட்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் மாசிலாமணி ஐயாவிடம் கூட்டிப் போனார்.

“இது நம்ம பக்கத்துக் கழலதான் டீச்சரம்மா. பாலுல ரெண்டு சொட்டு வுட்டுக் குடிங்க, கரைஞ்சிரும்” என்று ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார்.

குடித்தேன். பாலில் இரும்பு நாறியது. நாலைந்து மாதம் ஒரு நாள்கூட விடாமல் குடித்தேன். கட்டி கரையவில்லை.

குரல் போனது

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். அதற்குள் ஐந்து வகுப்பு. தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் கத்தித்தான் படிப்பிக்க வேண்டும். எனக்குக் கணீரென்ற குரல். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கே நான் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பாடு மனப்பாடம் என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் என் குரல் பிளந்தது. கிழிந்த துணிபோல ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சளித் தடிமன் என்று நினைத்து மிளகுக் கோப்பி குடித்தேன்.

இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை. ஒரு காலை தலை வாரும்போது காதுக்குக் கீழே இன்னொரு உருண்டை விரலில் தட்டுப்பட்டது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது உருண்டையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, குளிர் தாங்க முடியவில்லை என்று சொல்லித் திரிந்தேன். ஒருவரிடம் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமே என்று பயந்தேன். அப்படி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க மாசிலாமணி ஐயா ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் பேர் கூப்பிடுவதைக் கேட்டவர் கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்தார்.

“எத்தன நாளா இந்தக் கொரலு?”

“ஒரு மாசத்துக்கு மேல இருக்குங்க.”

“யேன் எங்கிட்ட வரல?”

அவர் பின்னால் வந்து நின்று, இரண்டு கை விரல்களாலும் என் கழுத்தைத் தடவினார். விழுங்கச் சொன்னார். மறுபடி விழுங்கச் சொன்னார். விரல்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தன. மருந்து கொடுக்கிறவர் பயந்தால் நோயாளி என்ன செய்வது?

“நான் தப்புப் பண்ணிட்டேன் டீச்சரம்மா” என்றார். “கழலன்னா மெத்துன்னு இருக்கணும். இது கல்லாட்டம் இருக்கு. சொட்டு மருந்துக்குக் கேக்கலன்னதுமே பெரியாசுபத்திரிக்கு அனுப்பியிருக்கணும்.”

தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த ஒருவர் லயத்துக்காரர்களிடம் ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று பின்னேரமே தோட்டத் துரையிடம் போய்ப் பேசி, மறுநாள் தோட்டத்து லொறியில் என்னையும் அம்மாவையும் தானே ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து ரயிலேற்றிவிட்டார். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மலையிறங்கிப் போக வேண்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

அங்கே பெரிய டாக்டர் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, கட்டி ஏறி இறங்குவதைப் பார்த்தார். நுனியில் சின்னக் கண்ணாடி வைத்த கம்பி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுக் குரல் நாணைப் பார்த்தார். ஒரு வாரத்தில் கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பழுப்புக் கடிதம்.

நான் கேட்டேன்

அந்தச் சொல்லைக் கேட்ட பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பொடிமெனிக்கே என்ற சிங்களப் பெண். அவளுக்கும் கழுத்தில்தான் ஆபரேஷன், ஆனால் சாதாரணக் கழலை. என் கோப்பையை எடுத்து அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் திகைத்துப் போனாள். ஒட்டிக்கொள்ளும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பின்னேரம் அம்மா வந்தார். அந்த ஊர் மாதா கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டு தினமும் இரண்டு மைல் நடந்து வருவார். “கடுதாசி வந்துச்சா?” என்று கேட்டார். “இன்னும் இல்லம்மா” என்றேன்.

மறுநாள் காலை டாக்டர் என் கட்டிலைத் தாண்டும்போது இங்கிலீஷில் கூப்பிட்டேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

“சார், நேற்று நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் எவ்வளவு நாள் இருப்பேன்?”

அவர் நின்றார். இளம் டாக்டர்களைப் போகச் சொன்னார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“முழுவதும் கேட்டீர்களா?” என்றார்.

“ஒரு சொல்தான் கேட்டது.”

“அடுத்ததுதான் நீங்கள் கேட்க வேண்டியது.”

கடிதத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். குரல்வளைக்குக் கீழே, செட்டை விரித்த வண்ணத்துப்பூச்சி போல ஒன்று. அதுதான் தைராய்டு சுரப்பி என்றார். உடம்புக்குச் சூட்டையும் தெம்பையும் கொடுப்பது அது. அதில் வரும் புற்று எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில வகை ஆறு மாதத்தில் ஆளை முடித்துவிடும். எனக்கு வந்திருப்பது மெதுவாக வளரும் வகை. காதுக்குக் கீழே இருந்த உருண்டைக்கு அது பரவியிருக்கிறது. ஆனால் அங்கேயே பல காலம் தங்கி நிற்கும் குணம் அதற்கு உண்டு.

“மற்றவர்களுக்கு ஒட்டுமா?”

“இல்லை. ஒருபோதும் இல்லை.”

அன்னக்கிளியின் கோப்பை என் நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். மிச்சமிருக்கும் சுரப்பியையும் பக்கத்து உருண்டைகளையும் எடுத்துவிட வேண்டும். குரல் நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது. ஏற்கெனவே ஒரு பக்கம் நைந்திருக்கிறது. அடுத்த பக்கமும் போனால் பேச்சு மட்டுமல்ல, மூச்சுக்கே கஷ்டம். “கவனமாகச் செய்வேன். அதற்குமேல் வாக்குக் கொடுக்க முடியாது. ஐந்து வருஷம் கடந்தால்தான் எதையும் நிச்சயமாகச் சொல்லலாம்.”

அம்மாவின் பெருவிரல்

சம்மதத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் போதாது, அம்மாவும் பெருவிரல் வைக்க வேண்டும் என்றாள் தாதி. அம்மாவிடம், “கொஞ்சம் மிச்சம் இருக்காம், அதையும் எடுக்கணுமாம்” என்றேன்.

அம்மா மையில் விரலை வைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“புத்துதானே?”

“யாரும்மா சொன்னாங்க?”

“ஒருத்தரும் சொல்லல. அன்னக்கிளிய கடைசி வரைக்கும் குளிப்பாட்டி வுட்டது யாருன்னு நெனச்ச? நீங்கள்லாம் தூங்குனப்புறம் நாந்தானே போவேன். எனக்குத் தெரியாத நோவா? நீ கோப்பையத் தனியா வச்சிருக்கிறதப் பாத்தேன். அப்பவே வெளங்கிருச்சு.”

“இது ஒட்டாதாம்மா. டாக்டரு சொன்னாரு.”

“ஒட்டாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சு என்னா, ஒருத்தரும் நம்பலியே.”

பிறகு பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தார். அந்த விரல், கொழுந்து ஒடித்து ஒடித்து வெடித்துப் போனது. ரேகை சரியாக விழவில்லை. தாதி மூன்று தடவை வைக்கச் சொன்னாள்.

மடங்கிய விரல்கள்

இரண்டாவது ஆபரேஷனுக்கு முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்து, எண்ணச் சொன்னார்கள். எத்தனை வரை எண்ணினேன் என்று நினைவில்லை. என் குரல் என் காதில் விழுவது இதுதான் கடைசித் தடவையோ என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்ததும் டாக்டர் முதலில் கேட்டது, “பேர் என்ன?”

“ரெஜினா” என்றேன். கரகரவென்று, காற்றோடு கலந்து, வெளியே வந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல் நுனிகளில் முள் குத்தியது. தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போனேன். கை என் சொல் கேட்கவில்லை. விரல்கள் தாமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கோழிக் கால்போல உள்ளே மடங்கின. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மணிக்கட்டும் மடங்கியது. தொண்டை இறுகியது. இதுதான் சாவு என்று நினைத்தேன். அம்மா வருவதற்குப் பின்னேரம் ஆகுமே என்றும் நினைத்தேன். கத்தினால் குரல் வரவில்லை.

பொடிமெனிக்கே பார்த்துவிட்டாள். தன் கழுத்துக் கட்டையும் பிடித்துக்கொண்டு வார்டின் வாசலுக்கு ஓடினாள்.

“நர்ஸ் நோனா! இக்மன் கரன்ன! இக்மன் கரன்ன!”

சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் கத்தியது வார்டெல்லாம் கேட்டது. தாதிகள் ஓடிவந்தார்கள். ஒரு டாக்டர் என் கை நரம்பில் ஊசியைப் போட்டு மெதுவாக, மிக மெதுவாக மருந்தை ஏற்றினார். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி உடம்பெங்கும் பரவியது. ஒவ்வொரு விரலாக விரிந்தது. பொடிமெனிக்கே அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒட்டாது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தைராய்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பருப்பளவுச் சுரப்பிகள் ஆபரேஷனில் அதிர்ந்துவிட்டால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடுமாம், அதனால் வந்ததாம். டாக்டர் பிறகு சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நாட்களில் வெளிநாட்டில், கதிர் ஏற்றிய அயடினைக் குடிக்கக் கொடுக்கும் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு மாத்திரை. மிருகங்களின் சுரப்பியைக் காய வைத்துச் செய்வது. இல்லாத சுரப்பியின் வேலையை அது செய்யும், உயிருள்ளவரை நிறுத்தக்கூடாது என்றார்கள். இப்போது வேறு மாத்திரை வந்துவிட்டது. இன்று காலையும் ஒன்று விழுங்கிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மழை விட்ட பின்னேரம்

நான் ஊர் திரும்பியபோது பரிசப் பேச்சு நின்று போயிருந்தது. மாப்பிள்ளையின் அக்காள், “ரெண்டு தடவ அறுத்த கழுத்தாம்” என்று யாரிடமோ சொன்னதாக எங்கள் காதுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சின்ன வகுப்பைக் கொடுத்தார்கள். என் குரல் எட்டாததால் பிள்ளைகள் அருகில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். இரவில் கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொரு நரம்பும் கட்டியாகத் தெரியும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள், பிள்ளைகள் போன பிறகு, எனக்குப் பேசியிருந்த ஞானப்பிரகாசம் வாத்தியார் நனைந்த குடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். தனியாக வந்திருந்தார். நாங்கள் இருவரும் அதற்கு முன் பேசியதே இல்லை.

“வீட்ல என்னென்னமோ சொல்றாங்க. நான் ஒங்ககிட்டயே கேட்டுக்கலாம்னு வந்தேங்க” என்றார்.

கழுத்தைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பை எடுத்தேன். தழும்பு அப்போது சிவப்பாக, ஒரு காதின் கீழிருந்து மறுபக்கம் வரை இருந்தது.

“புத்துங்க” என்றேன். “ரெண்டு தடவ வெட்டி எடுத்தாங்க. ஒட்டாது. திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். அஞ்சு வருசம் போகாம ஒன்னும் சொல்ல முடியாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு.”

அவர் தழும்பைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

“பயமாத்தாங்க இருக்கு” என்றார். “ஒங்களுக்கு?”

“ரொம்ப.”

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அந்த அஞ்சு வருசத்த நான் எங்க தோட்டத்துல இருந்துகிட்டு எண்ணட்டுங்களா? இல்ல, இப்பவே கட்டிக்கிட்டு ரெண்டு பேருமா எண்ணுவமா?”

கையிலிருந்த சேலைத் தலைப்பைத் தோளில் போட்டேன்.

“இப்பவே” என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. ஒரு படி ஏறி வந்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். நான் மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.